பழைய மாருதி 800-இல் கியர் விழவில்லை: குறை கிளட்சிலா, கியர் பாக்ஸிலா?

கேள்வியின் சுருக்கம் இது. 1998-ஆம் ஆண்டு மாருதி 800, கார்புரேட்டர் என்ஜின், நான்கு கியர். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியர் எளிதில் விழுவதில்லை. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறது. என்ஜினை அணைத்துவிட்டால் எல்லா கியர்களும் தடையின்றி விழுகின்றன. இதற்காக ஒரு பட்டறையில் கிளட்ச் கேபிளை இறுக்கிக் கொடுத்தார்கள். அதன் பிறகு சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது, மூன்றாம் கியரில் என்ஜின் இரைகிறதே தவிர வண்டி வேகம் எடுப்பதில்லை. கருகல் வாசனையும் வருகிறது. மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கும்போது 'கர்' என்று ஒரு சத்தம். நியூட்ரலில் நிற்கும்போது மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கிறது, கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. ஒருவர் கியர் பாக்ஸையே மாற்றச் சொல்கிறார், மற்றவர் கிளட்ச் செட் மாற்றச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

இப்போதைக்கு இருவர் சொல்வதையும் செய்ய வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் மிக முக்கியமான வரி, என்ஜினை அணைத்தால் கியர்கள் தடையின்றி விழுகின்றன என்பதுதான். கியர் பாக்ஸுக்குள் கியரை நகர்த்தும் ஃபோர்க் வளைந்திருந்தாலோ, கியர் லீவரின் ராடும் புஷ்களும் தேய்ந்து கோணலாகியிருந்தாலோ, என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கியர் மாற்றுவது கடினமாகவே இருக்கும். அணைத்தால் எளிது, ஓடும்போது கடினம் என்றால், கிளட்சை முழுவதும் மிதித்த பின்னும் என்ஜினின் சுழற்சி கியர் பாக்ஸுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். பட்டறைகளில் 'கிளட்ச் கட் ஆகவில்லை' என்று சொல்வது இதைத்தான். எனவே முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச். கிளட்சிலும், கழற்றாமல் வெளியிலிருந்தே பார்க்கக்கூடிய பாகங்களே முதலில்.

இதை உறுதிசெய்துகொள்ள ரிவர்ஸ் கியரே போதும். இந்த வண்டியில் முன்னோக்கிச் செல்லும் நான்கு கியர்களுக்கும் சிங்க்ரோ ரிங் (பற்கள் சேரும் முன் இரு பக்கத்தின் வேகத்தையும் ஒன்றாக்கும் வளையம்) உண்டு, ரிவர்ஸுக்கு இல்லை. ஆகவே கிளட்ச் சற்றே கட் ஆகாமல் இருந்தாலும் அதை முதலில் காட்டிக்கொடுப்பது ரிவர்ஸ்தான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் சூடாகி ஐடிலில் நிதானமாக ஓடும்போது, கிளட்சை அடிவரை மிதித்து ஐந்து விநாடி பொறுத்து, பிறகு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். மிதித்தவுடன் போட்டால் அரைத்து, பொறுத்துப் போட்டால் அமைதியாக விழுந்தால் அது குறையல்ல. உள்ளே சுழன்றுகொண்டிருந்த தண்டு நிற்பதற்கு அவ்வளவு நேரம் தேவை. ஐந்து விநாடி கழித்தும் அரைத்தால் கிளட்ச் கட் ஆகவில்லை என்பது உறுதி. அதேபோல், கிளட்சை முழுவதும் மிதித்து முதல் கியரில் வைத்திருக்கும்போது வண்டி மெல்ல முன்னே நகரப் பார்த்தாலும் அதே முடிவுதான்.

அடுத்தது ஸ்லிப், அதாவது கிளட்ச் வழுக்குவது. மூன்றாம் கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஓர் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தால், என்ஜின் சத்தமும் வண்டியின் வேகமும் ஒன்றாக உயர வேண்டும். சத்தம் மட்டும் மேலே போனால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. இந்த வண்டியில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது, காதை நம்பினால் போதும். ஏற்றம் இல்லாத ஊரில், ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, முன்னால் யாரும் எதுவும் இல்லாத இடத்தில், மூன்றாம் கியரில் சற்றே ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்சை விடலாம். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் உடனே அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிடிப்பு இல்லை. இதை ஒரே ஒரு முறை செய்யுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால், இருக்கிற பிளேட்டும் சூட்டில் கருகிப்போகும்.

உங்கள் வண்டியில் இரண்டும் சேர்ந்து இருக்கின்றன என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். கட் ஆகாததும் ஸ்லிப் ஆவதும் ஒன்றுக்கொன்று எதிரான குறைகள். கட் ஆகவில்லை என்றால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் பேரிங்) போதுமான தூரம் தள்ளவில்லை என்று பொருள். ஸ்லிப் ஆகிறது என்றால், பெடலில் கால் இல்லாதபோதும் அது தள்ளிக்கொண்டே இருக்கிறது, அல்லது பிளேட்டின் லைனிங் தேய்ந்தோ எண்ணெய் பட்டோ இருக்கிறது என்று பொருள். கேபிளை இறுக்கிய பிறகே ஸ்லிப் தொடங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பதால், நடந்ததை ஓரளவு ஊகிக்க முடிகிறது. பெடலின் அசைவில் ஒரு பகுதி வழியில் எங்கோ வீணாகிறது. அந்த இடத்தைத் தேடாமல், ஃப்ரீ பிளேயைத் தின்றுவிட்டு அந்தக் குறையை ஈடுகட்டியிருக்கிறார்கள்.

ஃப்ரீ பிளே என்பது, பெடலைக் கையால் அழுத்தும்போது எதிர்ப்பே இல்லாமல் இறங்கும் அந்த முதல் சிறு தூரம். இந்த வகைக் கேபிள் கிளட்சில் அது பெடலில் ஏறத்தாழ 20 மி.மீ. இருக்க வேண்டும், கியர் பாக்ஸின் மேல், கேபிள் இழுக்கும் ரிலீஸ் ஆர்மில் பார்த்தால் 2 முதல் 4 மி.மீ. வரை. பிளேட் தேயத் தேய, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வருவதால் இந்த இடைவெளி தானாகவே குறையும். அதனால் வண்டி ஓட ஓட அவ்வப்போது கேபிளைச் சற்றுத் தளர்த்தித்தான் விட வேண்டுமே தவிர, இறுக்குவது அரிதாகவே தேவைப்படும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 'கியர் விழவில்லை, ஒரு சுற்று இறுக்கு' என்பது பட்டறைகளில் பழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த ஒரு சுற்றால் எரிந்துபோன கிளட்ச் பிளேட்டுகள் நிறைய. எனவே இன்றே செய்ய வேண்டியது, அந்த நட்டைத் தளர்த்தி ஃப்ரீ பிளேயைத் திரும்பக் கொண்டுவருவது. தளர்த்தியதும் ஸ்லிப் நின்றுவிட்டால் பிளேட் இன்னும் பிழைத்திருக்கிறது. சரியான ஃப்ரீ பிளே இருந்தும் ஏற்றத்தில் வழுக்கினால், பிளேட் முடிந்துவிட்டது அல்லது அதில் எண்ணெய் பட்டிருக்கிறது.

தளர்த்தினால் கியர் விழுவது இன்னும் கடினமாகும். அது எதிர்பார்க்க வேண்டியதே. அசைவு எங்கே தொலைகிறது என்பதைக் காலிலிருந்து தொடங்கித் தேட வேண்டும். முதலில் காலடி மேட். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட் போட்டிருந்தால் பெடல் அடிவரை போவதில்லை, எடுத்துவிட்டுப் பாருங்கள். அடுத்து, பெடலின் மேல்முனையில் உள்ள புஷ் தேய்ந்து பெடல் பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து, கேபிளின் வெளிக்குழாய் வந்து தாங்கும் ஃபயர்வால் தகட்டைக் கவனியுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்த வண்டியில், அந்தத் தகடு துருப்பிடித்தோ வெல்டிங் விட்டோ, மிதிக்கும்போது வளைந்து கொடுப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தகடு வளையும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கிளட்சுக்குப் போய்ச் சேராத மில்லிமீட்டர். அங்கே குறை இருந்தால் எத்தனை கிளட்ச் செட் மாற்றினாலும் கியர் அரைப்பது நிற்காது.

அதன் பின் கேபிள். உங்கள் வண்டியைப் பொறுத்தவரை என் முதல் சந்தேகம் இதன்மேல்தான். உள்கம்பி வெளிக்குழாய்க்குள் சிக்கிச் சிக்கி நகர்ந்தால், இழுக்கும்போது முழுவதும் இழுக்காது, விடும்போது முழுவதும் திரும்பாது. ஆகவே கட் ஆகாமலும் இருக்கும், ஸ்லிப்பும் ஆகும். எதிரெதிரான இரண்டு குறைகளையும் ஒரே பாகம் கொடுக்கும். ரிலீஸ் ஆர்மிலிருந்து கேபிளைக் கழற்றி, அதன் முனையைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். நல்ல கேபிள் வழுவழுவென்று ஓடும். கெட்ட கேபிளில் ஓரிடத்தில் நின்று, பிறகு திடுக்கென்று விடுபடும். பெடலில் மாட்டும் கொக்கி முனையை டார்ச் அடித்துப் பாருங்கள்: முறுக்கிய இழைகளில் சில அறுந்து முள்முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கேபிள் போய்விட்டது. அதற்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை. புதிய கேபிளே போட வேண்டும்.

கேபிளைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனிங் உருகியிருந்தாலோ, வெளிக்குழாயின் உறை வெந்து ஊதியிருந்தாலோ, அல்லது ஓராண்டுக்கு ஒரு கேபிள் என்று போய்க்கொண்டிருந்தாலோ, குறை கேபிளில் இல்லை, எர்த் வயரில் இருக்கிறது. என்ஜினையும் கியர் பாக்ஸையும் பாடியோடும் பேட்டரியோடும் இணைக்கும் எர்த் வயர் அறுந்தோ துருப்பிடித்தோ இருந்தால், ஸ்டார்ட் செய்யும்போது நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் திரும்பிப் போக வேறு வழி தேடும். என்ஜினையும் பாடியையும் இணைக்கும் உலோகக் கம்பிகளில் கிளட்ச் கேபிளும் ஆக்சிலேட்டர் கேபிளும் அடங்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை என்ஜின் பிளாக்கிலும் மறு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எர்த் வயர் மலிவான பொருள்தான். அதைக் கவனிக்காததால் கேபிள் மேல் கேபிளாக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

கேபிளும் நன்றாக இருந்தால், மீதம் இருப்பது ரிலீஸ் ஆர்மும் அது மாட்டியிருக்கும் தண்டும். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால், பெடலை மிதிக்கும்போது ஆர்ம் சுழல்வதற்கு முன் தண்டே சாய்வதைக் காணலாம். ஆர்மைத் தண்டின் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டி, அதையே 'அட்ஜஸ்ட்மென்ட்' என்று விட்டிருக்கிறார்களா என்பதையும், இரண்டிலும் உள்ள பஞ்ச் குறிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்து, ஆர்ம் முழுத் தூரமும் நகர்ந்து, அப்படியும் ரிவர்ஸ் அரைத்தால் மட்டுமே குறை உள்ளே இருக்கிறது: பிளேட் கோணியிருக்கலாம், பிரஷர் பிளேட்டின் விரல்கள் தேய்ந்திருக்கலாம், அல்லது கிளட்சிலிருந்து கியர் பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்புட் தண்டின் பள்ளங்களில் துரு ஏறிப் பிளேட் வழுக்கி நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டிகளில் இந்தக் கடைசிக் காரணம் அதிகம்.

உங்கள் வண்டி கேபிள் வகை. பெடலின் அசைவை எண்ணெய் அழுத்தத்தால் கடத்தும் ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பழைய வண்டியாக இருந்தால், கேபிளுக்குப் பதில் மாஸ்டர் சிலிண்டரையும் கீழே உள்ள ஸ்லேவ் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். பெடலை இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் கியர் நன்றாக விழுந்து, ஒரே மிதியில் விழாவிட்டால், பைப்பில் காற்று இருக்கிறது அல்லது வாஷர் போய்விட்டது.

இனி இரண்டாம் கியரின் 'கர்' சத்தம். இதைக் கிளட்ச் குறையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிளட்ச் கட் ஆகாவிட்டால் எல்லா கியர்களும் தகராறு செய்யும். மற்றவை சரியாகி இரண்டாம் கியர் மட்டும் அரைத்தால், அது அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங். கிளட்சைச் சரிசெய்த பிறகு ஒரு சோதனை செய்யலாம். மூன்றிலிருந்து இறக்கும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரைச் சற்று உயர்த்தி, மறுபடி கிளட்சை மிதித்து இரண்டுக்குப் போடுங்கள். பழைய லாரி ஓட்டுநர்கள் செய்யும் இரட்டைக் கிளட்ச் முறைதான். இப்படிச் செய்தால் சத்தமே இல்லாமல் விழுகிறது என்றால், சிங்க்ரோ செய்ய வேண்டிய வேலையை உங்கள் கால் செய்துவிட்டது. சிங்க்ரோ தேய்ந்துள்ளது என்பது உறுதி. இரண்டாம் கியர் சிங்க்ரோ முதலில் தேய்வது பழைய வண்டிகளில் இயல்பு. இறக்கும்போது வேகம் குறைத்து இறக்கினால், அதைக் கொண்டே இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம். அதற்காக மட்டும் கியர் பாக்ஸைப் பிரிக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பிரிப்பதற்கு முன் கியர் ஆயிலைப் பார்த்தாக வேண்டும். பலர் என்ஜின் ஆயிலை ஒழுங்காக மாற்றிவிட்டு, கியர் ஆயிலை வண்டி வாங்கிய நாளோடு மறந்துவிடுகிறார்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் உள்ள ஃபில்லர் பிளக்கை முதலில் திறக்க வேண்டும். அது திறக்கிறது என்று உறுதியான பிறகே கீழே உள்ள டிரெயின் பிளக்கைத் தொட வேண்டும். மாற்றிச் செய்து, மேலே உள்ளது துருப்பிடித்துத் திறக்காமல் போனால், ஆயிலை வடித்துவிட்டு நிரப்ப வழியின்றி நிற்க நேரும். வடியும் ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன்னிறத் தூள் மின்னினால் அது சிங்க்ரோ ரிங்கின் பித்தளை. கொஞ்சமாக இருந்தால் கவலை வேண்டாம். காந்தத்தில் ஒட்டும் மசி போன்ற படிவும் வழக்கமானதே. ஊசி போலவோ செதில் போலவோ இரும்புத் துண்டுகள் வந்தால் மட்டும், பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் பின்னால் கைமாறி எங்கெங்கோ ஓடுகின்றன, வாங்கிய வண்டி என்றால் இதையும் மனத்தில் வையுங்கள்.

ஊற்றும் ஆயில் ஜி.எல்.-4 தரத்தில், 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90 ஆக இருக்கட்டும். கடையில் ஜி.எல்.-5 கொடுத்து 'இது இன்னும் உசத்தி' என்பார்கள். அது ஹைபாய்ட் பற்கள் (ஒன்றோடொன்று வழுக்கி ஓடும் வளைந்த பற்கள்) கொண்ட பின் ஆக்சிலுக்கு ஏற்றது. அதில் அதிகம் சேர்க்கப்படும் கந்தகக் கூட்டுப்பொருள்களில் பல வகை பித்தளையை அரிக்கும். மேலும் சிங்க்ரோ ரிங் உராய்ந்து பிடித்தால்தான் வேலை செய்யும், அந்தப் பிடிப்பையும் அது குறைத்துவிடும். ஜி.எல்.-5 ஊற்றியதாலேயே இரண்டாம் கியர் அரைக்கத் தொடங்கிய வண்டிகளில், சரியான ஆயிலுக்கு மாறியதும் சத்தம் பெரிதும் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நியூட்ரல் இரைச்சலுக்கு வருவோம். கிளட்சை விட்டிருக்கும்போது சத்தம், மிதித்தால் அமைதி என்றால், சத்தம் இன்புட் தண்டோடு சுழலும் ஒன்றிலிருந்து வருகிறது. பெரும்பாலும் அந்தத் தண்டின் பேரிங். இதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது ரிலீஸ் பேரிங். நின்றிருக்கும்போது அமைதியாக இருந்து, நியூட்ரலில் உருளும்போது வேகத்தோடு உறுமல் ஏறினால் அவுட்புட் தண்டையோ டிஃபரென்ஷியலையோ, சக்கரத்தின் பேரிங்கையோ சந்தேகிக்க வேண்டும். வளைவில் திரும்பும்போது மட்டும் 'டக் டக்' என்றால் அது ஆக்சில் ஜாயின்ட். கியர் பாக்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'டாப் கியரில் சத்தம் இல்லை என்றால் லே ஷாஃப்ட் (இடைத்தண்டு) பேரிங்' என்று ஒரு பழைய விதியைச் சொல்வார்கள். அது அம்பாசடர், ஜீப் போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளுக்கு உரியது. அவற்றில் டாப் கியர் நேரடி இணைப்பு. மாருதி 800-இன் முன்சக்கர இழுவை கியர் பாக்ஸில் எல்லா கியர்களும் இரண்டு தண்டுகளுக்கு இடையே பல்லோடு பல் சேர்ந்தே ஓடுவதால் அந்த விதி செல்லாது. உங்கள் இரைச்சல் மெல்லியது என்கிறீர்கள். மூன்று சிலிண்டர் என்ஜினின் ஐடில் சீராக இல்லாவிட்டாலும் பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலக்கும். ஐடிலைச் சரிசெய்து, ஆயிலும் மாற்றிவிட்டுப் பாருங்கள். சத்தம் மாதத்துக்கு மாதம் வளர்ந்தால் மட்டும் அந்தப் பேரிங்கைப் பற்றி யோசிக்கலாம்.

ஓட்டும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு நழுவுவதாக நீங்கள் எழுதவில்லை. அப்படி ஒன்று தோன்றினால், உள்ளே பிரிப்பதற்கு முன் என்ஜின் மவுண்டிங்குகளையும் லீவர் ராடின் புஷ்களையும் பாருங்கள். ஆக்சிலேட்டரை விடும்போது என்ஜின் முன்பின்னாகச் சாய்ந்தால் அதுவே லீவரை இழுத்துவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், இறக்கும் அன்றே செய்ய வேண்டியவற்றைச் செய்துவிடுங்கள், ஏனெனில் கூலியின் பெரும்பகுதி இறக்கி ஏற்றுவதற்கே போகிறது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். கிராங்கின் பின்புற ஆயில் சீலையும் கியர் பாக்ஸின் இன்புட் சீலையும் புதிதாகப் போடுங்கள். பிளேட் அழுந்திப் பிடிக்கும் என்ஜின் சக்கரமான ஃபிளைவீலில் நீலம் பாய்ந்த திட்டுகளோ மயிரிழை விரிசல்களோ இருந்தால் முகம் சீவவோ மாற்றவோ வேண்டும். இன்புட் தண்டின் பள்ளங்களைத் துடைத்து, விரல் நுனியில் தொட்ட அளவு கிரீஸ் மட்டும் பூசச் சொல்லுங்கள். அதிகம் பூசினால் சுழற்சியில் தெறித்துப் புதுப் பிளேட்டிலேயே படியும். ஏற்றும்போது கியர் பாக்ஸின் எடையைப் பிளேட்டில் தொங்கவிடவே கூடாது, பிளேட் கோணிவிடும். 1983 டிசம்பர் முதல் 2014 ஜனவரி வரை தயாரான வண்டி என்பதால் இந்தப் பாகங்கள் இன்றும் எளிதில் கிடைக்கின்றன. சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய கியர் பாக்ஸ் தேடுவது, ஆயிலில் இரும்புத் துண்டு வந்தால் மட்டும். அப்போதும் பின்னாளில் வந்த ஐந்து கியர் வகையைத் தவறி வாங்கிவிடாதீர்கள்.

கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்குங்கள். ரிவெட்டின் தலைக்கும் லைனிங்கின் மேற்பரப்புக்கும் இடையே 0.5 மி.மீ. கூட இல்லை என்றால் அது ஆயுள் முடிந்து போனது. லைனிங் தடிமனாக இருந்தும் கண்ணாடி போல் பளபளத்தால், ஃப்ரீ பிளே இல்லாமல் கேபிளை இறுக்கியதில் கருகியது. எண்ணெய் பட்டிருந்தால் முகர்ந்து பாருங்கள்: கெட்டியாகவும் கந்தக நெடியோடும் இருப்பது கியர் ஆயில், இன்புட் சீல் வழியாக வந்தது, கருத்து நீர்த்திருப்பது என்ஜின் ஆயில், கிராங்க் சீல் வழியாக வந்தது. அந்த சீல் மாற்றப்பட்டதா என்பதை, கியர் பாக்ஸ் மேலே ஏறுவதற்கு முன் நேரில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.